கணினி நன்றாக இருக்கும்போதே ஒரு ரெஸ்க்யூ பென் டிரைவ்

விண்டோஸே எழுந்திருக்காத கணினியில், விண்டோஸுக்குள் இருக்கும் பேக்கப் மென்பொருளால் என்ன பயன்? பேக்கப் என்னவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். அதைத் திரும்பப் போட வழி இருக்காது. அதற்குத்தான் விண்டோஸ் இல்லாமல் தானாகவே பூட் ஆகும் (கணினியை எழுப்பும்) ஒரு பென் டிரைவ். இங்கே ரெஸ்க்யூஜில்லா என்ற பேக்கப் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசம், கமாண்ட் எதுவும் அடிக்க வேண்டாம், மவுஸே போதும்.

படி 1: தேவையானவை

4 ஜிபி பென் டிரைவ் ஒன்று (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்), பேக்கப்புக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், ரெஸ்க்யூஜில்லாவின் ஐஎஸ்ஓ ஃபைல் (மொத்த மென்பொருளும் அடங்கிய ஒரே ஃபைல்), அதைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற மென்பொருள். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. அதற்காகத்தான் ரூஃபஸ்.

படி 2: பிட்லாக்கர் சாவி

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பல லேப்டாப்களில் நமக்கே தெரியாமல் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இன்னொன்று: பூட்டிய பகுதியின் உள்ளடக்கம் ரெஸ்க்யூஜில்லாவுக்குப் புரியாது. காலி இடத்தையும் சேர்த்து அப்படியே பிரதி எடுக்கும். 512 ஜிபி டிஸ்க் என்றால் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் கேட்கும்.

படி 3: எழுதுதல்

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரூஃபஸைத் திறங்கள். பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். மற்றதெல்லாம் அது காட்டுவதுபடியே இருக்கட்டும். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால், அது பரிந்துரைப்பதற்கே ஓகே கொடுங்கள்.

படி 4: பூட் செய்தல்

கணினியை ஆன் செய்ததும் பூட் கீயைத் தட்டிப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. கீயைத் தட்டித் தட்டி விரல் வலித்தால் வேறு வழி இருக்கிறது: விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' இருந்தால் அதற்குள் போய்ப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது சாதாரண ஷட்டவுன் விண்டோஸை முழுதாக மூடுவதில்லை. டிஸ்க் பாதி திறந்த நிலையில் நிற்கும். ரீஸ்டார்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

படி 5: டிஸ்க் தெரிகிறதா?

நான் சறுக்கியது இங்கேதான். திரை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துப் பென் டிரைவை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். தேவைப்பட்ட அன்று பட்டியலில் லேப்டாப்பின் எஸ்எஸ்டியே இல்லை! பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ஸ்டோரேஜ் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறையில் இருந்ததால், ரெஸ்க்யூஜில்லாவுக்கு அது தெரியவில்லை. அவசரத்தில் அந்த முறையை ஏஎச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்றிவிடாதீர்கள். நன்றாக ஓடும் விண்டோஸும் பூட் ஆகாமல் நின்றுவிடக்கூடும். டிஸ்க் இப்படித் தெரியாமல் போனால், அதற்கான டிரைவரையும் சேர்த்துக்கொள்ளும் விண்டோஸ் பிஇ (விண்டோஸின் சிறு வடிவம்) வகை ரெஸ்க்யூ மீடியாவைச் செய்துகொள்வது நல்லது. மேக்ரியம், வீம் போன்ற பேக்கப் மென்பொருள்களில் அந்த வசதி உண்டு.

ஆகவே எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, பேக்கப் பொத்தானை அழுத்தி, இரண்டு டிஸ்க்கும் பட்டியலில் வருகின்றனவா என்று பாருங்கள். சி, டி என்ற எழுத்துகள் இங்கே இருக்காது. அளவையும் மாடல் பெயரையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: ரீஸ்டோர் செய்யும்போது டிஸ்க் மாறிப்போனால், நல்ல டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும்.

வந்தது வந்துவிட்டீர்கள், முதல் பேக்கப்பையும் இப்போதே எடுத்து 'வெரிஃபை இமேஜ்' கொடுத்துவிடுங்கள். பென் டிரைவில் சிறு டேப் ஒட்டி, பூட் கீயையும் சோதித்த தேதியையும் எழுதி வையுங்கள். கணினி மாறினால், பயாஸ் அப்டேட் வந்தால், படி 5 மட்டும் மறுபடியும்.