சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல கொக்கு பாக்கப் போறீங்களா

காலைல ஆறரைக்கே ரேடியல் ரோடு போயிடுங்க, வண்டிய ஓரமா விட்டுட்டு சத்தம் போடாம நில்லுங்க, பளிச்சுனு கலர் சட்டை வேணாம். முதல்ல பறவையோட காலைப் பாருங்க. சின்னக் கொக்குக்கு கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், அந்தப் பாதத்தால சேத்தைக் கிண்டி கிண்டி மீனைக் கிளப்பி விட்டு லபக்குனு கொத்தும், அதை மட்டுமே அரை மணி நேரம் பாக்கலாம். நெடுங்கால் உள்ளானுக்கு ரோஸ் கால்.

போட்டோவுக்காக கல் எறிஞ்சு பறக்க விடாதீங்க ப்ளீஸ். வேடந்தாங்கல்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவைங்களைச் சுட்டப்போ ஊர்க்காரங்கதான் கலெக்டர்கிட்ட போய் நின்னாங்க, 1798லயே பாதுகாப்பு வாங்கினாங்க. எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரமாச்சே! பள்ளிக்கரணைக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், 2022லதான். வேடந்தாங்கலுக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, பைனாகுலர் மறக்காதீங்க.