கடதாசித் தட்டில் ஒரு ஸ்பீக்கர்

தேவையானவை: 20 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிப்பும் கொண்ட நியோடிமியம் வட்டக் காந்தங்கள் 2, கடதாசித் தட்டு, மரப்பலகை, 0.15 மி.மீ. இனாமல் (மின் கடத்தாத பூச்சு) பூசிய செப்புக் கம்பி 8 மீற்றர். யாழ்ப்பாணத்தில் தண்ணி மோட்டர் சுற்றும் கடையில் கம்பியைக் கேட்டுப் பாருங்கள்.

காந்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவிட்டு, வெறும் கடதாசியை நாலு சுற்றுச் சுற்றுங்கள். அதன்மேல் இன்னொரு கடதாசிக் குழாய். அதில் கம்பியை 100 சுற்று, அடுக்குக்கு 25 சுற்றாக நாலு அடுக்கில், பசை தடவி இறுக்கமாகச் சுற்றுங்கள். இதுதான் சுருள். காய்ந்ததும் உள்ளே இருக்கும் வெறும் கடதாசியை உருவிவிட்டால் தேவையான இடைவெளி கிடைக்கும். கம்பி முனைகளில் இனாமலை நன்றாகச் சுரண்டுங்கள். மல்டிமீற்றரில் அளந்தால் 7 - 8 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் இனாமல் போகவில்லை, அல்லது கம்பி அறுந்திருக்கிறது.

குழாயைத் தட்டின் அடிப்பக்க நடுவில் ஒட்டுங்கள். காந்தத்தைப் பலகையில் ஒட்டி, விசிறிபோல் மடித்த நாலு கடதாசிக் கீலங்களில் தட்டைத் தாங்க விடுங்கள். பலரும் பிழைவிடுவது இங்கேதான்: சுருளின் நடு, காந்தத்தின் மேல்முக மட்டத்தில் நிற்க வேண்டும். காந்தத்தின் அரை உயரத்துக்கு இறங்கினால் விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும், சத்தம் வராது.

கம்பி முனைகளை ஃபோனில் நேரடியாகக் கொழுவாதீர்கள். இடையில் ஒரு 3 வாட் அம்ப்ளிஃபையர் சர்க்கிட் பலகை போதும். கரகரத்தால் சுருள் காந்தத்தில் உரசுகிறது. சத்தத்தைக் கூட்டினால் சுருள் சூடாகிப் பசை இளகும். மாரியில் தட்டு ஈரம் பிடித்துத் தொய்யும், மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு அடியுங்கள். ஆனால் பாஸை (தாழ்ந்த சுர ஒலியை) எதிர்பார்க்க வேண்டாம்.