ஏற்காட்டுச் சேனலுக்கு ஆட்கள் வந்த விதம்

ஏற்காட்டில் இருந்துகொண்டு பனிமூட்டம், ஏரி என்று யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் நின்று பார்க்கவில்லை. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் அவற்றுக்கான ஃபீடில் ஓடுவது அந்த மணிக்கணக்கில் சேராது.

சரி, சேலத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் கேட்பதையே வீடியோ ஆக்குவோம் என்று ஆரம்பித்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கார் புதிதாகப் பழகியவர் எப்படி ஏறுவது, எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்குவது, குப்பனூர் வழியாக வரும் இன்னொரு மலைப்பாதை யாருக்குத் தோது. தலைப்பும் அதே கேள்விதான். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றும் கையைக் கிட்டத்தில் காட்டிய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மணிக்கணக்கு அங்கேதான் ஏறியது.

10 டாலர் சேர்ந்ததும், விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ், முகவரியைச் சரிபார்க்கப் பின் நம்பரைத் தபாலில் அனுப்பும். எங்கள் பக்கம் கதவு எண்ணை வைத்து வீடு கண்டுபிடிப்பது சிரமம். எஸ்டேட் பெயரையும் முகவரியில் சேர்த்து, தபால்கார அண்ணனிடமும் சொல்லிவைத்தேன். கடிதம் கைக்கு வந்தது. 100 டாலர் தொட்டால்தான் பணம் வங்கிக்கு வரும். மே மாதம் மலைக்கு வரும் கூட்டத்துக்கான வீடியோவை மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள்.