ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு லாகின்: வைஃபை எல்லாருக்கும் கிடைக்க

காட்பாடியில் எங்கள் வீட்டில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் சிஸ்டம்) ஓடும் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு லாகின், அக்கா மகளுக்கு ஒரு லாகின். எனக்கு வைஃபை தானாக இணையும்; அவளுக்கு இணையாது. பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட உட்கார்ந்த பிள்ளை, மோடத்தை நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டாள், பாவம். மோடத்தில் கோளாறே இல்லை. இணைப்பு என் பெயருக்கு மட்டும் சேமிக்கப்பட்டிருந்தது.

அட்மின் உரிமை உள்ள லாகினில் நுழைந்து 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்' திறங்கள். லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் சிஸ்டம் என்றால் 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்'. உங்கள் வைஃபை பெயரை டபுள் கிளிக் செய்து, 'ஜெனரல்' பக்கத்தில் 'ஆல் யூசர்ஸ் மே கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்' என்பதில் டிக் போடுங்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். 'வைஃபை செக்யூரிட்டி' பக்கத்தில் பாஸ்வேர்டு கட்டத்தின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு படம் இருக்கும், சட்டென்று கண்ணில் படாது. அதைக் கிளிக் செய்து, பாஸ்வேர்டை எல்லா யூசருக்கும் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது உங்கள் கீரிங்கிலேயே (உங்கள் லாகினுக்கு மட்டும் திறக்கும் பாஸ்வேர்டு பெட்டி) பூட்டிக் கிடக்கும். பிறகு 'சேவ்' கொடுங்கள்.

இப்படிச் சேமித்தால் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக ஒரு ஃபைலில் இருக்கும். ரூட் உரிமை, அதாவது கம்ப்யூட்டரின் முழு உரிமை, உள்ளவர்தான் படிக்க முடியும்; அட்மின் லாகின் இருந்தால் அந்த உரிமையைப் பெற்றுவிடலாம். அதனால் வைஃபைக்காகப் பிள்ளைகளுக்கு அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், அதற்குத் தேவையே இல்லை.