குரோஷேயில் பெரட் தொப்பி: வட்டம் தட்டையாக வந்தால் பாதி வேலை முடிந்தது

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலையில், பெரட் பார்ப்பதற்குத்தான் பெரிய வேலை மாதிரி தெரியும். பிரித்துப் பார்த்தால் ஒரு தட்டையான வட்டம், அதன் ஓரத்தை உள்பக்கமாகச் சுருக்குகிறோம், தலையில் நிற்க ஒரு பட்டி போடுகிறோம், அவ்வளவுதான். சாதாரணக் குல்லா என்றால் தலைக்கு அச்சாகப் பொருந்த வேண்டும், ஆழம் ஒரு சுற்று கூடினால் கண்ணை மறைக்கும், குறைந்தால் உச்சியில் ஏறி நிற்கும். பெரட்டில் அந்த வம்பு இல்லை. பட்டி ஒழுங்காகப் பிடித்தால் போதும், மேலே கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதுவும் ஸ்டைல்தான். முதல் தொப்பி எது போடலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

செயின், ஸ்லிப் ஸ்டிட்ச், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் பழகியவர்களுக்கு நான் சொல்லும் சிங்கிள் உங்கள் டபுள், நான் சொல்லும் டபுள் உங்கள் ட்ரெபிள். இதைக் கவனிக்காமல் ஆரம்பித்தால் தொப்பி பாதி அளவில் கெட்டியாக வந்து நிற்கும்.

என்னென்ன வேண்டும்

நடுத்தரத் தடிமன் நூல், லேபிளில் 4 என்ற எண் போட்டிருக்கும், 100 கிராம் பந்து ஒன்று. மிச்சமே இருக்கும். 5 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று, பட்டிக்கு 4 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று. முனை மழுங்கிய தையல் ஊசி, கத்தரி, ஸ்டிட்ச்சில் அடையாளத்துக்குச் செருகும் ஸ்டிட்ச் மார்க்கர் ஒன்று. மார்க்கர் இல்லையா, வேறு நிற நூலில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட வசதியான மார்க்கர் கிடையாது.

நூல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் தொப்பிக்குக் கறுப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம், ஸ்டிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பஞ்சுபோல மயிர் எழும்பும் நூலும் வேண்டாம், பிரிக்கும்போது சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். கம்பளி நல்லது, கம்பளி கலந்த அக்ரிலிக் அதற்கு அடுத்தது, வெறும் அக்ரிலிக்கும் ஓடும். பருத்தி நூல் இந்த வேலைக்குச் சரிவராது. கனம் அதிகம், இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்காது, நாலு தடவை போட்டதும் பட்டி தளர்ந்து தொப்பி காதில் இறங்கும். ஊசியில் அலுமினியத் தலையும் ரப்பர் பிடியும் உள்ளதை வாங்குங்கள். பிளாஸ்டிக் ஊசியில் அக்ரிலிக் நூல் கீச்சென்று உரசும், எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

நடு வட்டம்

மேஜிக் ரிங், அதாவது வாலை இழுத்தால் சுருங்கி மூடும் நூல் வளையம், போட்டு ஆரம்பியுங்கள். 4 செயின் போட்டு இணைத்தும் ஆரம்பிக்கலாம்தான், ஆனால் உச்சியில் ஓட்டை தெரியும். மேஜிக் ரிங்கில் ஒரு ஆபத்து, நூலின் வாலை ஒருமுறை இழுத்து வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் அவிழ்ந்து வாய் திறக்கும். 15 செ.மீ. வால் விட்டுவையுங்கள். முடிவில் அதை வளையத்தைச் சுற்றி ஒரு முறையும், பிறகு எதிர்த்திசையில் ஒரு முறையும் கோத்துவிட்டால் அசையாது.

இனி சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் 2 செயினில் ஆரம்பிக்கும், அந்த 2 செயினை ஸ்டிட்ச்சாக எண்ண வேண்டாம். சாதாரணம் என்றால் ஒரு ஸ்டிட்ச்சில் 1 டபுள் குரோஷே, கூட்டல் என்றால் ஒரே ஸ்டிட்ச்சில் 2 டபுள் குரோஷே.

1: வளையத்துக்குள் 12 டபுள் குரோஷே.
2: ஒவ்வொன்றிலும் கூட்டல். 24.
3: 1 சாதாரணம், 1 கூட்டல், இப்படி 12 தடவை. 36.
4: 2 சாதாரணம், 1 கூட்டல், 12 தடவை. 48.
5: 3 சாதாரணம், 1 கூட்டல். 60.
6: 4 சாதாரணம், 1 கூட்டல். 72.
7: 5, 1 கூட்டல். 84.
8: 6, 1 கூட்டல். 96.
9: 7, 1 கூட்டல். 108.

ஒவ்வொரு சுற்றிலும் 12 கூடிக்கொண்டே போகிறது. டபுள் குரோஷேயின் உயரத்துக்கு 12 கூட்டினால்தான் வட்டம் தட்டையாக இருக்கும். சிங்கிள் குரோஷே உயரம் குறைவு, அதற்கு 6 போதும். அதனால் வேறு ஸ்டிட்ச்சில் போடப் போகிறேன் என்பவர்கள் மேலே உள்ள எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் நடக்காது.

சுற்றை இணைக்கும் இடம்

இங்கேதான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். என்னை ரொம்பப் படுத்தியதும் இதுதான், எனக்குத் தெரிந்து புதிதாகத் தொடங்கும் பாதிப் பேர் கோபத்தில் ஊசியை வீசுவதும் இந்த இடத்தில்தான். எண்ணிக்கை 48 வர வேண்டிய இடத்தில் 49 வரும், அடுத்த சுற்றில் 47 வரும், என்னடா இது என்று எண்ணி எண்ணிப் பார்த்தாலும் தவறு எங்கே என்று பிடிபடாது.

சுற்று முடிந்ததும் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு இணைக்கிறோம் அல்லவா, அது எதன் தலையில் போக வேண்டும்? 2 செயினின் தலையில் இல்லை. அதற்கு அடுத்து நிற்கும் முதல் நிஜ டபுள் குரோஷேயின் தலையில். அதைத் தேடிக் கண்ணைக் கசக்காமல் இருக்கத்தான் மார்க்கர்: சுற்றின் முதல் டபுள் குரோஷேயைப் போட்ட கையோடு அதன் தலையில் மார்க்கரைச் செருகுங்கள். சுற்றி வந்து சேரும்போது மார்க்கர் இருக்கும் ஸ்டிட்ச்சில் ஸ்லிப் ஸ்டிட்ச்.

பிறகு 2 செயின். அடுத்த சுற்றின் முதல் ஸ்டிட்ச்சும் அதே இடத்தில்தான், அதாவது மார்க்கர் இருந்த ஸ்டிட்ச்சிலேயே. பலர் ஒன்று தள்ளிப் போடுவார்கள், ஒன்று குறைந்துவிடும். அப்புறம் சுற்றின் கடைசிக்கு வரும்போது இன்னொரு பொறி இருக்கிறது. பழைய ஸ்லிப் ஸ்டிட்ச்சும் மேலிருந்து பார்க்க ஒரு சின்ன 'வி' மாதிரியே தெரியும், போட இன்னும் ஒரு ஸ்டிட்ச் பாக்கி என்று நினைத்து அதில் ஊசியை விட்டால் ஒன்று கூடிவிடும். நன்றாக உற்றுப் பாருங்கள், மற்ற ஸ்டிட்ச்களுக்குக் கீழே ஒரு கால் இறங்கும், ஸ்லிப் ஸ்டிட்ச்சுக்குக் கால் கிடையாது, இறுக்கமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கால் இல்லாததைத் தொடாதீர்கள்.

ஆக, எண்ணிக்கை ஒன்று கூடினால் ஸ்லிப் ஸ்டிட்ச்சில் போட்டிருக்கிறீர்கள், ஒன்று குறைந்தால் முதல் ஸ்டிட்ச்சைத் தாண்டியிருக்கிறீர்கள். 9-ஆம் சுற்றில் கண்டுபிடித்தால் அழுகை வரும், அதனால் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் எண்ணுங்கள். மொத்தத்தையும் எண்ண வேண்டியதில்லை, கூட்டல் 12 இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

3 செயின் போட்டு அதையே முதல் ஸ்டிட்ச்சாக எண்ணும் முறையும் உண்டு. பல பேட்டர்ன்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். எனக்கு அது பிடிக்காது. அந்த 3 செயின் மற்ற ஸ்டிட்ச்களைவிட ஒல்லியாக இருப்பதால் பக்கத்தில் ஒரு இடைவெளி விழுந்து, உச்சியிலிருந்து ஓரம் வரை ஒரு கோடு மாதிரித் தெரியும். எந்த முறையிலும் இணைப்புக் கோடு நேராக இறங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாயும், வலது கைக்காரர்களுக்கு வலப்பக்கம். அது இயல்புதான், பிரிக்க வேண்டாம்.

4-ஆம் சுற்றில் ஒரு சோதனை

தனியாக மாதிரித் துண்டு போட்டு அளக்கச் சொன்னால் யாரும் செய்யப்போவதில்லை, நானும் செய்வதில்லை. இந்த முதல் 4 சுற்றையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். மேசையில் வைத்து, கையால் அமுக்காமல் பாருங்கள். குறுக்களவு 11 செ.மீ. பக்கத்தில் இருந்தால் உங்கள் கை என் கை மாதிரி. 10-க்கும் கீழே என்றால் 5.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள், 12-ஐத் தாண்டினால் 4.5.

ஓரம் கிண்ணம் மாதிரி மேலே தூக்குகிறதா? கூட்டலை எங்கோ விட்டிருப்பீர்கள், அல்லது ஸ்டிட்ச்சின் தலையை இறுக்கி இழுக்கிறீர்கள். லேசான தூக்கல் என்றால் விட்டுவிடுங்கள், கடைசியில் தட்டில் போட்டு விரிக்கும்போது போய்விடும். ஓரம் நெளிநெளியாக அலை அடிக்கிறது என்றால் ஸ்டிட்ச் கூடிப்போயிருக்கிறது, மறுபடியும் எண்ணுங்கள்.

இன்னொன்று. கூட்டல் எப்போதும் கூட்டலுக்கு நேர் மேலேயே விழுந்தால் வட்டம் வட்டமாக இருக்காது, மூலை மூலையாகப் பலகோணம் ஆகிவிடும். சில பேருக்கு அந்த வரிகள் பூ மாதிரி அழகாகத் தெரியும், அப்படியே வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் இரட்டைப்படைச் சுற்றுகளில் சாதாரண ஸ்டிட்ச்களைப் பாதியாகப் பிரித்து ஆரம்பியுங்கள். 6-ஆம் சுற்றை இப்படி மாற்றலாம்: முதலில் 2 சாதாரணம், 1 கூட்டல், பிறகு 4 சாதாரணம் 1 கூட்டல் என 11 தடவை, கடைசியில் 2 சாதாரணம். மொத்தம் அதே 72. 8-ஆம் சுற்றில் 3-இல் ஆரம்பித்து 3-இல் முடியுங்கள்.

ஓரம் திரும்பும் இடம்

10, 11: கூட்டல் இல்லை, 108-உம் சாதாரணம். இந்த இரண்டு சுற்றில்தான் ஓரம் மெல்ல மடங்க ஆரம்பிக்கும்.
12: 7 சாதாரணம், 1 குறைத்தல், 12 தடவை. 96.
13: 6 சாதாரணம், 1 குறைத்தல், 12 தடவை. 84.

குறைத்தல் எப்படி: ஊசியில் நூலைச் சுற்றி, ஸ்டிட்ச்சில் நுழைத்து இழுத்து, இரண்டு லூப் மட்டும் கழற்றி நிறுத்துங்கள். அடுத்த ஸ்டிட்ச்சிலும் அதே மாதிரி. ஊசியில் இப்போது 3 லூப் இருக்கும், மூன்றையும் ஒரே இழுப்பில் கழற்றினால் இரண்டு ஒன்றாகிவிட்டது.

இன்னும் தொளதொளவென்று சரிந்து நிற்க வேண்டுமா? 10-ஆம் சுற்றில் 8 சாதாரணம் 1 கூட்டல் போட்டு 120 ஆக்குங்கள், இரண்டு சாதாரணச் சுற்று, பிறகு 108, 96, 84 என்று மூன்று சுற்றில் இறங்குங்கள்.

பட்டி

4 மி.மீ. ஊசிக்கு மாறி, 84 சிங்கிள் குரோஷே, இப்படி 5 சுற்று. பட்டி ஏறத்தாழ 52 செ.மீ. வரும், 55, 56 செ.மீ. தலைக்கு அது இழுத்துப் பிடிக்கும். பட்டி தலையைவிட 3, 4 செ.மீ. சின்னதாக இருப்பதுதான் கணக்கு, சமமாக இருந்தால் நழுவும். தலை 60-ஐத் தொட்டால் பட்டியையும் 5 மி.மீ. ஊசியிலேயே போடுங்கள். சின்னக் குழந்தைக்கு என்றால் 5 சாதாரணம் 1 குறைத்தல் என்று இன்னொரு சுற்று போட்டு 72-க்கு வந்து பட்டியைத் தொடங்குங்கள், மேல்பாகமும் 8-ஆம் சுற்றோடு நின்றால் போதும். அப்போது சாதாரணச் சுற்றும் 96-இல், குறைத்தல் 96-இலிருந்து.

புடைப்பான ரிப் பட்டி அழகுதான், முதல் தொப்பிக்கு வேண்டாம். நூலை அறுக்கும் முன் ஒருமுறை தலையில் போட்டுப் பாருங்கள், அறுத்த பிறகு பார்த்துப் பயன் இல்லை.

தட்டில் விரித்தல்

இதைச் செய்யாவிட்டால் கையில் இருப்பது பெரட் இல்லை, சுருங்கிய பை. கம்பளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்குங்கள். 26 அல்லது 27 செ.மீ. சாப்பாட்டுத் தட்டை உள்ளே நுழைத்து, ஓரம் தட்டின் விளிம்பில் வரும்படி இழுத்துவிடுங்கள். பட்டி தட்டின் அடியில் சுருங்கியே இருக்க வேண்டும், அதை இழுத்துவிட்டால் போச்சு. ஒரு டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்தால் எல்லாப் பக்கமும் காற்றுப்பட்டுக் காயும்.

அக்ரிலிக் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. தட்டில் மாட்டி, இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடாமல் 2, 3 செ.மீ. மேலே பிடித்து நீராவி மட்டும் காட்டுங்கள். இஸ்திரிப் பெட்டி பட்டால் நூல் உருகிப் பளபளவென்று செத்துவிடும், திரும்ப வராது. பிளாஸ்டிக் தட்டையும் இதற்கு எடுக்காதீர்கள்.

செய்து பார்த்தவர்கள் கேட்டதைப் பிறகு சேர்த்திருக்கிறேன்

கடையில் வாங்கும் பெரட்டில் ஓட்டையே தெரிவதில்லையே, நம்முடையதில் ஏன் தெரிகிறது என்று கேட்கிறார்கள். பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலையடிவாரத்தில் செய்யப்படும் அந்தப் பாரம்பரியத் தொப்பி கம்பளியில் நிட்டிங் செய்து, பிறகு தண்ணீரும் சூடும் கொடுத்து அடித்து, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்த ஃபெல்ட் துணியாக இறுக்கப்படுவது. பின்னல் தெரியாமல் போவது அதனால்தான். இடைவெளி பிடிக்காதவர்கள் டபுளுக்குப் பதில், சிங்கிளுக்கும் டபுளுக்கும் நடுவே உயரம் உள்ள ஹாஃப் டபுள் குரோஷேயில் போடலாம், ஆனால் அதற்குச் சுற்றுக்கு 8 முதல் 10 கூட்டல், சுற்றுகளும் அதிகம், எண்களை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி வால் எப்படி? 4 செயின் போட்டு, அதன்மேல் ஸ்லிப் ஸ்டிட்ச்சில் திரும்பி வந்து, நடு வளையத்தில் தைத்துவிடுங்கள். மேஜிக் ரிங் சரியாக மூடாதவர்களுக்கு இது ஓட்டையையும் மறைக்கும்.

பட்டி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது, மறுபடி பிரிக்கப் பொறுமை இல்லை என்பவர்கள், மெல்லிய எலாஸ்டிக் நூலை உள்பக்கமாகக் கடைசி இரண்டு சுற்றில் ஊசியால் கோத்து, தலையில் வைத்து அளந்து முடிச்சுப் போடுங்கள். இடது கைக்காரர்கள் எண்களை மாற்ற வேண்டியதில்லை, வேலை எதிர்த்திசையில் போகும், இணைப்புக் கோடும் இடப்பக்கம் சாயும்.