இளங்கலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி பழக்குவது எப்படி? ஒரு புங்க இலையிலிருந்து தொடங்கலாம்

ஆறாவது செமஸ்டர் தொடங்கியதும் ஐந்து பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். "மேடம், நீங்கதான் எங்க கைடு. டைட்டில் குடுங்க." வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் கொடுத்துவிட்டேன். மார்ச் கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் செய்த 48 பக்கம் மேசைக்கு வந்தது. அதில் நன்றியுரை ஒன்றுதான் அவர்களே எழுதியது. அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை.

முதல் முறையாக இளங்கலை ப்ராஜெக்டுக்குக் கைடாகப் போடப்பட்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தாவரவியல் ஆள், அதனால் உதாரணம் இலை. வேறு துறையினர் இலைக்குப் பதில் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1969-லேயே இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நம்மிடம் இருப்பது ஒரு லேப், வாரம் சில பிராக்டிகல் மணிநேரம், ஒரு பாட்டில் நெயில் பாலிஷ். தொடங்குவதற்கு அது போதும்.

படி 1: டைட்டில் கொடுக்காதீர்கள்

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டால் முதலில் அமைதி. அப்புறம் "பொல்யூஷன் மேடம்" என்பார்கள். சரி, எங்கே, எதன் மேல், எதை எண்ணிப் பார்த்தால் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு மணிநேரம் ஆகும். எங்கள் குழு "சுற்றுச்சூழல் மாசு"வில் ஆரம்பித்து, "சாலையோரப் புங்க மரத்தின் இலையிலும் கல்லூரி வளாகத்துப் புங்க மரத்தின் இலையிலும் இலைத்துளைகளின் (இலை காற்று வாங்கும் நுண்ணிய துளைகள்) நெருக்கம் வேறுபடுகிறதா?" என்பதில் வந்து நின்றது. கேள்விக்குள் எண்ணக்கூடிய ஒரு பொருள் வந்துவிட்டால் அந்த மணிநேரம் வீணில்லை.

இதை ஆறாவது செமஸ்டர் வரை தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் ஆண்டு பிராக்டிகலில் விடை தெரிந்த சோதனை ஒன்றை எடுத்துவிட்டு, விடை தெரியாத சின்னக் கேள்வி ஒன்றை வையுங்கள். சிலபஸ் மாறாது, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

படி 2: ஒரே ஒரு கட்டுரை

பத்துக் கட்டுரை படித்து வா என்றால் பத்து சுருக்கம் காப்பியடித்து வருவார்கள். ஒன்றை எடுத்து வகுப்பிலேயே சேர்ந்து படியுங்கள். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் செய்முறைப் பகுதி, முன்னுரை கடைசியில். "இவங்க எத்தனை மரம் பாத்தாங்க?" என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி.

கட்டுரைகளுக்குக் கூகுள் ஸ்காலர், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. இரண்டும் இலவசம். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கேட்டு வாங்கி வந்தால், ஒவ்வொன்றையும் அவர்களையே தேடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லாத கட்டுரைக்கு இதழ் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு அது சில நேரம் கொடுத்துவிடுவதை அவர்களே கண்ணால் பார்க்கட்டும்.

படி 3: ஆப்சர்வேஷன் நோட்டு

நம் ஊரில் ரெக்கார்டு நோட்டுக்கு இருக்கிற மரியாதை ஆப்சர்வேஷன் நோட்டுக்குக் கிடையாது. ரெக்கார்டு என்றால் ஸ்கேல், கலர் பென்சில், சீனியரின் பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்த அளவுகள். ஆப்சர்வேஷன் நோட்டு பாதி நாள் ஹாஸ்டலில் கிடக்கும். ப்ராஜெக்டில் இதைத் தலைகீழாக்குங்கள். தைத்த நோட்டு, பக்க எண், தேதி, பேனா. ஒயிட்னர் கிடையாது, தப்பு என்றால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். ரஃப் பேப்பரில் எழுதிப் பிறகு மாற்றி எழுதுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் போடும்போது 10 மதிப்பெண்ணை இந்த நோட்டுக்கென்று ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாத நோட்டு மறுபடி ஹாஸ்டலுக்குத்தான் போகும்.

படி 4: ஒத்திகை

இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் செலோ டேப்பை ஒட்டி உரித்தால் இலையின் அச்சு டேப்போடு வந்துவிடும். அதை ஸ்லைடில் ஒட்டி 40 எக்ஸ் லென்ஸில் பார்த்தால் துளைகள் அங்கங்கே சிதறித் தெரியும். முதல் நாள் எல்லோரும் போன் கேமராவை ஐபீஸில் வைத்துப் படம் எடுப்பார்கள். விடுங்கள், எடுக்கட்டும்.

அடுத்து, ஒரே ஸ்லைடை, நகர்த்தாமல், இருவரைத் தனித்தனியாக எண்ணச் சொல்லுங்கள். எங்கள் லேபில் ஒருத்திக்கு 19, இன்னொருவனுக்கு 24. "நீதான் தப்பு" என்று ஐந்து நிமிடச் சண்டை. கடைசியில் பார்த்தால் வட்டத்தின் விளிம்பில் பாதி தெரிந்த துளைகளை அவன் சேர்த்திருக்கிறான், அவள் விட்டிருக்கிறாள். அவர்களே உட்கார்ந்து ஒரு விதி வைத்தார்கள்: இடது பாதி விளிம்பைத் தொடுவது கணக்கில் வரும், வலது பாதி வராது. அந்த விதி நோட்டில் ஏறியது. செய்முறைப் பகுதி என்றால் என்ன என்று நான் அதற்கு முன் நடத்திய மூன்று வகுப்பு செய்யாததை அந்தச் சண்டை செய்தது.

கணக்கும் இங்கேயே. ஐபீஸில் பொறித்திருக்கும் புல எண் (field number, மி.மீ. கணக்கில்) 18 என்றிருந்தால், அதை லென்ஸின் 40-ஆல் வகுக்க, தெரியும் வட்டத்தின் விட்டம் 0.45 மி.மீ. பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. அதில் 24 துளை என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 150.

படி 5: எத்தனை மரம்?

பெரும்பாலான இளங்கலை ப்ராஜெக்டுகள் கவிழ்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். எங்கள் குழு முதலில் கொண்டுவந்த திட்டம்: பஸ் ஸ்டாப் மரத்தில் 30 இலை, லைப்ரரி பக்கத்து மரத்தில் 30 இலை. "மொத்தம் அறுபது மேடம்!" அறுபது இல்லை. ஒரு மரமும் இன்னொரு மரமும், அவ்வளவுதான். அந்த இரண்டு மரங்களுக்கு இடையே வயது, வேருக்குக் கிடைக்கும் தண்ணீர் என்று ஆயிரம் வேறுபாடு இருக்கும். முப்பது இலை பறித்தாலும் முந்நூறு பறித்தாலும் அது மாறாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. லைப்ரரி மரம் கட்டட நிழலில் நிற்கிறது, பஸ் ஸ்டாப் மரம் நாள் முழுக்க வெயிலில். வெயில் படும் இலையில் நிழல் இலையைவிடப் பொதுவாகவே துளைகள் நெருக்கமாக இருக்கும். ஆக, வேறுபாடு கிடைத்தாலும் அது புகையாலா வெயிலாலா என்று சொல்ல முடியாது. இதை நான் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்கு இரண்டு மரத்தடியிலும் போய் நின்றுவிட்டு வாருங்கள் என்றேன். வியர்த்துத் திரும்பி வந்து அவர்களே சொன்னார்கள்.

மாற்றிய திட்டம்: சாலையோரம் 6 மரம், வளாகத்துக்குள் வெயில் படும் இடத்தில் 6 மரம். மரத்துக்கு 5 கூட்டிலை (ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த இலை), ஒவ்வொன்றிலும் முதிர்ந்த நுனிச் சிற்றிலை மட்டும், அதில் 3 இடம். மொத்தம் 180 எண்ணிக்கை, ஆளுக்கு 36. ஸ்லைடில் மரத்தின் பெயர் இல்லை, வெறும் எண்தான். எந்த மரம் என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. ஒப்பிடும்போது ஒரு மரத்தின் 15 எண்ணிக்கைக்கும் ஒரே சராசரி. எக்செலில் டி-டெஸ்டுக்கு (இரு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியதா என்று பார்க்கும் கணக்கு) போவது சாலையோரத்துக்கு ஆறு, வளாகத்துக்கு ஆறு எண்கள்.

படி 6: வாரம் 15 நிமிடம்

நாளும் நேரமும் மாறக் கூடாது. மூன்று கேள்வி போதும்: என்ன செய்தீர்கள், எது சொதப்பியது, அடுத்து என்ன? இரண்டாவது கேள்விக்கு "ஒண்ணும் இல்ல மேடம்" என்று பதில் வந்தால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சொதப்பியதைச் சொன்னவரைத் திட்டிவிடாதீர்கள். ஒரு தடவை நான் திட்டினேன், அடுத்த மூன்று வாரம் எல்லாம் "நல்லா போகுது"தான்.

படி 7: எழுதுவது

செய்முறைப் பகுதியை வேலை நடக்கும்போதே எழுதவைத்துவிடுங்கள், நோட்டிலிருந்து அப்படியே வரும். அப்புறம் படங்கள், முடிவுகள். முன்னுரை கடைசியில்.

எங்கள் 12 மரங்களில் சொல்லும்படியான வேறுபாடு எதுவும் வரவில்லை. "மேடம், ரிசல்ட் வரல" என்று முகம் தொங்கிப்போய் வந்தார்கள். வந்திருக்கிறது, வேறுபாடு தெரியவில்லை என்பதுதான் ரிசல்ட் என்று புரியவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. இந்த மாலைக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கி வையுங்கள். எண்களைக் கொஞ்சம் "சரிசெய்து"விடும் ஆசை வருவது அப்போதுதான். வைவாவில் வெளித்தேர்வாளர் "ஏன் ஆறு மரம்?" என்று கேட்டபோது, படி 4-இல் சண்டை போட்ட அதே பெண் நோட்டைத் திறந்து, கோடு போட்டு அடித்திருந்த முதல் திட்டத்தைக் காட்டினாள்.

ஆர்வம் வந்துவிட்ட மாணவர்களுக்கு இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஆப்சர்வேஷன் நோட்டை வாங்கி அலமாரியில் பூட்டாதீர்கள். நான் அடுத்த பேட்சிடம் கொடுத்துவிடுகிறேன். அதிலிருந்து ஒரு மரத்தைத் தேர்ந்து, எழுதியிருக்கிறபடியே செய்து, மறுபடி எண்ணிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு முதல் வாரத்து வேலை.