கிளாட் தேர்வுக்கான வாசிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்காக நடக்கும் கிளாட் தேர்வில் 120 நிமிடங்களில் 120 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரவும் இதைத்தான் எழுத வேண்டும். 2020 முதல் வினாத்தாள் பத்திகளைச் சார்ந்தே அமைவதால், வேகமாகப் படித்தால் போதும் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ஆங்கிலப் பகுதியில் ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொற்கள் கொண்டது. அதன்கீழ் ஐந்தாறு கேள்விகள் வருகின்றன என்று கொண்டால், அதற்கு ஐந்தாறு நிமிடங்கள் கிடைக்கும். நிமிடத்துக்கு 200 சொற்கள் என்ற நிதானமான வேகத்தில் படிப்பவரும் இரண்டேகால் நிமிடத்தில் முடித்துவிடலாம். முதல் வாசிப்பில் ஆசிரியரின் நிலைப்பாடு பிடிபடாததால் ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியை மறுபடி புரட்டும்போதுதான் நேரம் கரைகிறது. கேள்விகளை முதலில் படித்துவிட்டு, அவற்றிலுள்ள சொற்களைப் பத்தியில் தேடும் உத்தியும் இதே குழியில்தான் தள்ளும்.

சட்டப் பகுதியில் நேரும் தவறு வேறு. அதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்த மாணவர்களே. பதினாறு வயது நிரம்பியவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று பத்தி விதித்திருந்தால், பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது என்னும் நம் நாட்டுச் சட்டத்தை ஒதுக்கிவைத்து, பத்தியின் விதியைக் கொண்டே விடை காண வேண்டும். தவறான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் குறையும் தேர்வில் கற்ற சட்டமே பகையாகிவிடுகிறது. நடப்பு நிகழ்வுகள் பகுதியிலோ நிலைமை தலைகீழ்: விடை பல வேளைகளில் பத்திக்கு வெளியே இருப்பதால், அங்கே வரிவரியாகப் படிப்பது வீண்.

பயிற்சியில், அறியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை ஒரே மூச்சில் படித்து, அதன் வாதத்தை ஒரு வரியில் எழுதிப் பார்க்கலாம். மாதிரித் தேர்வுகளை எண்ணிக்கைக்காக எழுதிக் குவிப்பதைவிட, தவறிய ஒவ்வொரு கேள்வியிலும் தவறிப் படித்தது பத்தியையா, கேள்வியையா, விடைத்தெரிவில் ஒளிந்திருந்த ‘மட்டுமே’ போன்ற சொல்லையா என்று குறித்துவைப்பது பயன் தரும்.